வெங்காய வேரிலிருந்து பலா ஒட்டு வரை: செடிகள் பெருகுவதைக் கண்ணால் பார்க்க ஒரு வழிகாட்டி

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. எங்கள் கொல்லையில் ஆயா வைத்த பலா மரமும் அதில் போனது. அந்த மரத்துச் சுளை தடித்து, கடித்தால் மொறுமொறுவென்று இருக்கும். பல்லில் நார் சிக்காது. முந்தைய ஆடியில் வேலியோரம் எறிந்த கொட்டைகள் முளைத்து நின்றதால், மரம் போனாலும் வாரிசு இருக்கிறது என்று தேற்றிக்கொண்டோம். ஆறு கன்றுகளைப் பொத்திப் பொத்தி வளர்த்தோம்.

எட்டு ஒன்பது வருஷம் கழித்து ஒவ்வொன்றாகக் காய்த்தன. ஒன்றில் சுளை காகிதம்போல மெலிசு. இன்னொன்றில் சுளையைவிடச் சடை அதிகம். ஒன்று குழைந்து வழிந்தது. ஒன்று நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது வேறு ருசி. நாற்றங்கால் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் புலம்பினேன். "கொட்டை போட்டா மரம் வரும் வாத்தியாரே, அந்த மரம் வராது" என்றார்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் செல் பகுப்பைப் பல வருஷம் நடத்தியவன் நான். மைட்டாசிஸ், மியாசிஸ் என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! அதே பாடம் என் கொல்லையில் ஆறு மரமாக நின்றபோதுதான் எனக்கே உறைத்தது. அதனால் இந்த வழிகாட்டியை மனப்பாடத்துக்காக எழுதவில்லை. ஒரு நுண்ணோக்கி, கொஞ்சம் வெங்காயம், சில பூமொட்டு, ஒரு தோப்பு இருந்தால், செடி எங்கே தன்னை நகலெடுக்கிறது, எங்கே சீட்டைக் கலைத்துப் போடுகிறது என்பதை நீங்களே பார்த்துவிடலாம்.

முதலில் வேர் வளர்க்க வேண்டும்

பெரிய வெங்காயம் (கடையில் பெல்லாரி என்பார்கள்) நான்கைந்து வாங்குங்கள். புதிதாக வந்த ஈர வெங்காயம் வேண்டாம், அது உறக்கத்தில் இருக்கும், வேர் விடத் தாமதமாகும். சில வாரம் கிடந்த பழசு நல்லது. அடியில் உள்ள காய்ந்த வேர்களைச் சதையில் காயம் படாமல் சுரண்டி எடுத்துவிட்டு, அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொடும்படி ஒரு டம்ளர் வாயில் உட்காரவையுங்கள். தண்ணீரை தினமும் மாற்ற வேண்டும். மூன்று நான்கு நாளில் வெள்ளை வேர்கள் இறங்கும்.

1 முதல் 2 சென்டிமீட்டர் நீளம் வந்ததும் வெட்டிவிடுங்கள். நான் முதல் முறை செய்தபோது வேர் நீளமாக இருந்தால் நிறைய செல் கிடைக்கும் என்று ஒரு வாரம் விட்டு, நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்து வைத்துப் பார்த்தேன். செங்கல் அடுக்கியதுபோல நீளநீளமான செல்கள், பகுப்பு ஒன்றுகூட இல்லை. செல்கள் பிரிவது வேர்மூடியை ஒட்டிய நுனியில், ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள்தான். அதற்கு மேலே உள்ளவை நீண்டுகொண்டிருக்கும், பிரிவதில்லை. நேரமும் முக்கியம். காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள் வெட்டியவற்றில்தான் எனக்கு நல்ல பலன் கிடைத்தது.

வெட்டிய நுனிகளை உடனே நிலைப்படுத்த வேண்டும். 3 பங்கு ஆல்கஹால், 1 பங்கு கிளேசியல் அசிட்டிக் அமிலம், அப்போதே கலந்தது. அதில் ஒரு நாள் ஊறட்டும். ஓடிக்கொண்டிருந்த வேலை அந்தந்த இடத்தில் அப்படியே உறைந்துவிடும். பிறகு 70 சதவீத ஆல்கஹாலில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் பல வாரங்களுக்குத் தாங்கும்.

இனிச் சாயம் ஏற்றுவது. அமிலம் கையாள்வதால் பள்ளி ஆய்வகத்தில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கச் செய்யுங்கள்.

1. வேர்நுனியை 1 நார்மல் (1N) செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு, 60 டிகிரி சூட்டில் ஐந்து முதல் பத்து நிமிஷம் வையுங்கள். செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பெக்டின் பசை இதில் கரையும். அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது தண்ணீரில்தான் அமிலத்தை விட வேண்டும், மாற்றிச் செய்யக் கூடாது.

2. தண்ணீரில் நன்றாக அலசிவிட்டு அசிட்டோகார்மைன் சாயத்தில் பத்துப் பதினைந்து நிமிஷம் ஊறவிடுங்கள். இந்தக் கார்மைன் சப்பாத்திக்கள்ளியில் வாழும் ஒரு பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு. பிள்ளைகளிடம் சொன்னால் ஒரு முகச்சுளிப்பு நிச்சயம்.

3. நுனி மட்டும் கருஞ்சிவப்பாகத் தெரியும். அந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டரை வைத்துக்கொண்டு மீதியை எறிந்துவிடுங்கள். எறிய மனசு வராது, ஆனாலும் எறியுங்கள்.

4. கண்ணாடித் தகட்டில் 45 சதவீத அசிட்டிக் அமிலம் ஒரு சொட்டு விட்டு, நுனியை வைத்து மூடுகண்ணாடி போடுங்கள். பென்சில் முனையால் மெதுவாகத் தட்டுங்கள். பிறகு வடிதாளை மேலே மடித்துப் பெருவிரலால் நேராகக் கீழே அழுத்துங்கள். பக்கவாட்டில் நகர்ந்தால் செல்கள் பாய்போலச் சுருண்டுவிடும். என் முதல் பத்துத் தகடுகள் அப்படித்தான் போயின.

என்ன தெரியும்

முதலில் சிறிய லென்சில் நுனிப்பகுதியைக் கண்டுபிடித்துவிட்டு, 400 மடங்குக்கு மாறுங்கள். நூறு செல்களை எண்ணினால் பெரும்பாலானவற்றில் உருண்டையான ஓர் உட்கருவும் அதனுள் ஒன்றிரண்டு புள்ளியும் மட்டுமே இருக்கும். இது இடைநிலை. சும்மா இருப்பதுபோலத் தோன்றினாலும் டி.என்.ஏ. இரட்டிப்பாவது இந்தக் கட்டத்தில்தான். அந்த டி.என்.ஏ.வைச் சுமக்கும் குரோமோசோம் ஒவ்வொன்றும் தன் நகலோடு ஒட்டிக்கொண்டு தயாராகிறது.

மீதியுள்ள சில செல்களில்தான் கூத்து. உட்கருவுக்குள் நூல்கண்டு பிரிந்ததுபோல இழைகள் தெரிந்தால் புரோஃபேஸ். தடித்த துண்டுகள் செல்லின் நடுவில் வரிசைகட்டி நின்றால் மெட்டாஃபேஸ். நன்றாக அழுந்திய தகட்டில் இங்கே எண்ணிப் பார்க்கலாம், வெங்காயத்துக்கு 16. இரண்டு கூட்டமாகப் பிரிந்து, நடுப்பகுதி முன்னே இழுபட்டு நுனிகள் பின்னே தொங்க, எதிரெதிர்த் துருவங்களுக்குப் போய்க்கொண்டிருந்தால் அனாஃபேஸ். ஒவ்வொரு பக்கமும் 16 போகிறது, ஒன்று கூடவோ குறையவோ இல்லை. இரண்டு குவியலும் மறுபடி உட்கருவாகத் திரண்டு, நடுவே மெல்லிய கோடு தெரிந்தால் டீலோஃபேஸ்.

அந்த மெல்லிய கோட்டில் கொஞ்சம் நில்லுங்கள். விலங்குச் செல் இடுப்பில் கயிறு கட்டி இறுக்கியதுபோல வெளியிலிருந்து உள்ளே குறுகிப் பிரியும். செடியின் செல்லைச் சுற்றி விறைப்பான சுவர் இருப்பதால் அப்படிக் குறுக முடியாது. அதனால் கோல்கி உறுப்புகளிலிருந்து வரும் நுண்பைகள் நடுவில் சேர்ந்து ஒரு செல் தட்டாகி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி வளர்ந்து புதுச் சுவராகிறது. வீட்டைப் பாகம் பிரிக்கிறவர்கள் நடுவில் சுவர் எழுப்புவதுபோலத்தான்.

குரோமோசோம்களைத் துருவங்களுக்கு இழுத்துப்போகும் கதிர்கோல் இழைகள் இந்தச் சாயத்தில் சரியாகத் தெரியாது. அவை இருப்பதைக் காட்டிக்கொடுத்த பொருள்களில் ஒன்று நம் மாநில மலரில் இருக்கிறது. செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் உள்ள கால்சிசின், கதிர்கோல் உருவாவதைத் தடுத்துவிடும். குரோமோசோம் இரட்டிப்பாகும், ஆனால் இழுத்துப்போக ஆள் இல்லாமல் ஒரே செல்லில் தங்கிவிடும். குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதில் நான்காக உள்ள நான்மடியச் செடிகளை உண்டாக்கியது இந்த வழியில்தான். கொட்டையில்லாத தர்ப்பூசணிக்கும் தொடக்கம் இங்கேயே. நான்மடியத்தோடு சாதாரண இருமடியத்தைக் கலந்தால் மூன்று தொகுதி கொண்ட மும்மடியம் பிறக்கும். கால்சிசின் கடும் விஷம், வீட்டில் கண்வலிக்கிழங்கை (செங்காந்தள் கிழங்குதான்) அரைத்துப் பரிசோதனை செய்ய வேண்டாம்.

சரி, வேரில் பார்த்தது நகலெடுப்பு, அதாவது மைட்டாசிஸ். இலை, தண்டு, கிளை எல்லாவற்றிலும் இதேதான். ஆயாவின் பலாவில் எந்தக் கிளையை முறித்தாலும் அதே 56 குரோமோசோம், அதே சேர்க்கை.

சீட்டைக் கலைக்கும் இடம்

கலைப்பது பூமொட்டுக்குள், மியாசிஸ் என்னும் பகுப்பில். இதைப் பார்க்க வாய்ப்பாக இருப்பது, படகு மாதிரி உறைக்குள் வெள்ளைப் பூ விடும் ரியோ செடி. இலை அடியில் ஊதாவாக இருக்கும், புதுச்சேரியிலும் கடலூரிலும் பாதி வீட்டு வாசலில் தொட்டியில் நிற்கிறது. படகைப் பிரித்தால் பல அளவில் மொட்டுகள் இருக்கும். பெரிய மொட்டில் எல்லாம் முடிந்திருக்கும், வேலை நடப்பது சிறியவற்றில். ஒவ்வோர் அளவிலும் ஒன்றை எடுத்து, மகரந்தப்பையைச் சாயத்தில் நசுக்கிப் பாருங்கள். தனித்தனி மணிகள் மட்டும் தெரிந்தால் தாமதமாகிவிட்டது, இன்னும் சிறிய மொட்டுக்குப் போங்கள்.

மியாசிஸில் டி.என்.ஏ. ஒரு முறை இரட்டிப்பாகிறது, செல் இரண்டு முறை பிரிகிறது. முதல் பிரிவுக்கு முன் தாய்வழி குரோமோசோமும் தந்தைவழி குரோமோசோமும் ஜோடி சேர்ந்து துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன, இதுதான் குறுக்கேற்றம். பிறகு ஜோடிகள் பிரிகின்றன. எது எந்தப் பக்கம் போகும் என்பது ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனியாக நடக்கிற பூவா தலையா. இரண்டாம் பிரிவு மைட்டாசிஸ் மாதிரியே. முடிவில் நான்கு செல், ஒவ்வொன்றிலும் பாதி எண்ணிக்கை.

ஒரு எச்சரிக்கை. ரியோவில் 12 குரோமோசோமும் அழகாக ஆறு ஜோடியாக நிற்கும் என்று எதிர்பார்த்தால் குழம்பிப்போவீர்கள். அவை நுனிக்கு நுனி கோத்துக்கொண்டு வளையமாகவோ சங்கிலியாகவோ நிற்கும். அந்தச் செடியின் குரோமோசோம்கள் பழங்காலத்தில் துண்டுகளை இடம்மாற்றிக்கொண்டதன் விளைவு அது. புத்தகப் படம்போல ஜோடி வேண்டுமென்றால் வெங்காயப் பூவின் மொட்டுக்குப் போக வேண்டும், எட்டு ஜோடி தெரியும்.

இப்போது பலாவுக்குக் கணக்குப் போடுவோம். 28 ஜோடி. குறுக்கேற்றத்தை விட்டுவிட்டு, ஜோடிகள் பிரியும் விதத்தை மட்டும் எடுத்தாலே 26 கோடிக்கு மேல் வேறுபட்ட மகரந்தம் ஒரே மரத்தில் சாத்தியம். விதையாக மாறப்போகும் சூலுக்குள் உருவாகும் அண்டத்துக்கும் (பெண் செல்) அதே கணக்கு. போதாததற்கு மகரந்தம் பெரும்பாலும் பக்கத்துத் தோப்பு மரத்திலிருந்து வருகிறது. இவ்வளவு கலைத்த பிறகு என் ஆறு கன்றில் ஒன்றாவது ஆயா மரமாக வரும் என்று நினைத்தது எத்தனை பெரிய நப்பாசை!

மகரந்தக் குழாய்

இதற்குச் சாயம்கூட வேண்டாம். 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் சர்க்கரை, 10 மில்லிகிராம் போரிக் அமிலம். கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, அன்று காலை மலர்ந்த காசித்தும்பை அல்லது நித்தியகல்யாணி மகரந்தத்தைத் தூவுங்கள். சொட்டு காயாமல் ஈரத்தாள் போட்ட மூடிய தட்டில் வைத்து, பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை பாருங்கள். காசித்தும்பை அவசரக்காரி, அரைமணிக்குள் பெரும்பாலும் குழாய் நீட்டிவிடுவாள். வகுப்பில் சத்தம் போடாத பிள்ளையும் சத்தம் போடும் இடம் இது.

பூவில் அந்தக் குழாய் சூல்தண்டு வழியே இறங்கிச் சூலை அடையும். சூலுக்குள் மியாசிஸில் உண்டான நான்கு செல்லில் மூன்று அழிந்து, மிஞ்சியது மூன்று முறை உட்கரு பிரிந்து எட்டு உட்கருக்கள் கொண்ட கருப்பையாகும். பெரும்பாலான பூக்கும் செடிகளில் இப்படித்தான். குழாய் இரண்டு ஆண் கேமீட்டுகளை (ஆண் இனச்செல்களை) கொண்டுவருகிறது. ஒன்று அண்டத்தோடு சேர்ந்து கருவாகும், மற்றொன்று நடுவிலுள்ள இரண்டு துருவ உட்கருக்களோடு சேர்ந்து, கருவுக்கு உணவாகும் மும்மடியக் கருவூணாகும். இந்த இரட்டைக் கருவுறுதலை ரஷ்யாவின் நவாஷின் 1898-இல் கண்டார்.

வழக்கமாகக் குழாய் நுழைவது சூலின் நுனியிலுள்ள சூல்துளை வழியாக. ஆனால் நம் கடற்கரையெங்கும் நிற்கும் சவுக்கில் அது பின்வாசலில், சூலின் அடிப்பக்கமாக நுழைகிறது. 1891-இல் டிராய்ப் என்பவர் இதைச் சவுக்கில்தான் முதலில் எழுதினார். விறகாக மட்டும் தெரிந்த மரத்துக்குத் தாவரவியலில் இப்படி ஓர் இடம்!

கருவூணைப் பார்க்க நுண்ணோக்கி தேவையில்லை, ஓர் இளநீர் போதும். சுவர் எழும்பாமல் உட்கருக்கள் மட்டும் பெருகிய திரவக் கருவூண்தான் நீங்கள் குடிப்பது. பிறகு ஓரத்தில் செல் சுவர்கள் உண்டாகி வழுக்கையாகிறது. செல்லைப் பிரியத் தூண்டும் பொருள்கள் இளநீரில் இருப்பதால் திசு வளர்ப்பில் தொடக்க காலத்திலிருந்தே அதைச் சேர்த்திருக்கிறார்கள்.

தோப்புக்கும் கழனிக்கும் போவோம்

பலாவில் ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் ஒரே மரத்தில் தனித்தனியாக வரும். பெண் கொத்து அடிமரத்திலும் தடித்த கிளையிலும் இருக்கும், ஆண் கொத்து பெரும்பாலும் சிறுகிளை நுனியில். ஆண் கொத்து மகரந்தத்தைக் கொட்டிவிட்டுக் கறுத்து உதிரும். "பிஞ்செல்லாம் கொட்டுதே" என்று மருந்தடிக்க ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதன் வேலை முடிந்தது, விடுங்கள்.

பழம் ஒன்றை அறுத்துப் பாருங்கள். ஒவ்வொரு சுளையும் ஒரு தனிப் பூ. கருவுற்ற பூவின் இதழ்வட்டம் சதையாகத் திரண்டதுதான் சுளை, கருவுறாமல் போன பூக்கள்தான் இடையிலுள்ள சடை. பழம் ஒரு பக்கம் சூம்பியிருந்தால் அந்தப் பக்கப் பூக்களுக்கு மகரந்தம் சரியாகக் கிடைக்கவில்லை என்று ஊகிக்கலாம்.

விருத்தாசலம் பக்கம் மல்லாட்டை (நிலக்கடலை) கழனியில் வேறு கதை. விடியலில் மலரும் பூ தன் மகரந்தத்திலேயே கருவுறுகிறது. பிறகு சூலகத்துக்கு அடியில் உள்ள செல்கள் வேகமாகப் பிரிந்து நீண்டு, விழுது மண்ணுக்குள் இறங்கிக் காயாகிறது. விழுது இறங்கும் நேரத்தில் மண் அணைப்பது அதற்காகத்தான். அப்படியானால் மல்லாட்டையை விதை போட்டால் ஏன் அதே ரகம் வருகிறது? அங்கேயும் மியாசிஸ் நடக்கத்தானே செய்கிறது? நடக்கிறது. ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தன்மகரந்தம் சேர்ந்ததால் ஜோடியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஒரே மாதிரிச் சீட்டுகளை எத்தனை முறை கலைத்து என்ன? நெல்லும் அப்படித்தான். பெரியவர் சொன்னது பலாவுக்கும் முந்திரிக்கும் பொருந்தும், எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

எலுமிச்சை இன்னொரு விதிவிலக்கு. ஒரே விதையில் இரண்டு மூன்று நாற்று எட்டிப்பார்த்தால், அவற்றில் சில கருவுறாமல், தாயின் சூல்திசுவிலிருந்தே முளைத்தவை. விதை என்று பெயர், ஆனால் நகல்.

டெல்லி கனகாம்பரம் மும்மடியம். மூன்று மூன்றாக இருக்கும் குரோமோசோம்களை மியாசிஸில் சமமாகப் பிரிக்க முடியாது, அதனால் விதையில்லை. வேர்விட்ட குச்சிகளாகத்தான் ஊர் ஊராகப் பரவியது. பிச்சாவரத்தில் சுரபுன்னையோ விதையை உதிர்க்கும் வரை காத்திருப்பதே இல்லை. கரு மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய்போல நீண்டு தொங்கி, நாற்றாகவே சேற்றில் விழுகிறது. படகில் போகிறவர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும் "காயை" போட்டோ எடுப்பார்கள். அவை காயிலிருந்து வெளிவந்துவிட்ட பிள்ளைகள்.

மரத்தைத் திரும்பப் பெறுவது

பெரியப்பா வீட்டில் ஆயா மரத்திலிருந்து எப்போதோ ஒட்டுக் கட்டி வைத்த பலா ஒன்று இருந்தது. புயலில் பாதி முறிந்தும் துளிர்த்து நின்றது. ஆறு கன்றும் கைவிரித்த பிறகுதான் அதன் நினைவே எனக்கு வந்தது. அங்கிருந்து குச்சி எடுத்தோம்.

இளந்தண்டு ஒட்டு முறை முந்திரிக்கும் பலாவுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பையில் கொட்டை போட்டு வளர்ந்த, இரண்டு மாத வாக்கிலான, பென்சில் கனமுள்ள கன்று வேர்ச்செடி. ஒட்டுக்குச்சியும் அதே கனம் இருக்க வேண்டும், நுனிமொட்டு திரண்டிருக்க வேண்டும். வெட்டுவதற்கு ஏழெட்டு நாள் முன்பே இலைகளைக் காம்பு மட்டும் விட்டுக் கிள்ளிவிட்டால் மொட்டு பருக்கும். காற்றில் ஈரம் உள்ள மாதங்களில் செய்யுங்கள்.

வேர்ச்செடியின் தலையை வெட்டி, நடுவே 4 முதல் 5 சென்டிமீட்டர் பிளந்துகொள்ளுங்கள். குச்சியின் அடியை இருபக்கமும் சீவி ஆப்பு மாதிரி ஆக்கிப் பிளவில் செருகுங்கள். பலாவில் பால் வடியும், துடைத்துவிடுங்கள். இந்த இடத்தில்தான் வெங்காய வேர் நினைவுக்கு வர வேண்டும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிசாக ஓடும் கேம்பியத்தின் செல்கள்தான் இங்கே முக்கியமாகப் பிரியும். இரண்டு கேம்பியமும் ஒன்றையொன்று தொட்டால் புதுச் செல்கள் நிரம்பி, நீர்க்குழாயும் உணவுக்குழாயும் இணைந்துவிடும். குச்சி மெல்லிசாக இருந்தால் நடுவில் வைக்காமல் ஒரு பக்கப் பட்டையாவது பொருந்தும்படி ஓரமாக வையுங்கள். தென்னைக்கு இப்படி ஒட்டுக் கட்ட முடியாததற்குக் காரணமும் அதற்குக் கேம்பியம் இல்லாததுதான்.

பாலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்றி, மேலே மெல்லிய பாலித்தீன் உறையைக் குல்லாய்போலப் போட்டு நிழலில் வையுங்கள். மூன்று வாரத்தில் துளிர் வந்தால் உறையை எடுக்கலாம். நாங்கள் கட்டிய ஐந்தில் மூன்று காய்ந்துபோனது, இரண்டு பிடித்தது.

அதன் பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது, பலர் கோட்டைவிடுவது இங்கேதான். கட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து துளிர் வந்துகொண்டே இருக்கும். பார்க்கச் செழிப்பாக இருக்கும். அது ஏதோ ஒரு கொட்டையின் துளிர், நீங்கள் தேடிய மரத்தின் துளிர் கட்டுக்கு மேலே உள்ளது. கீழே வருவதை வாரம் ஒரு முறை பார்த்துக் கிள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் அது மேலே உள்ளதைப் பட்டினி போட்டுவிடும்.